அவ்விடம் நலமறிய ஆவல்

பெருநகரத் தமிழர் ஆரோக்கியக் கல்விக் கழகத்தைத் தொடங்கியவர் இம்மாகுலேற் என்ற தாதி. கழகம் வெளியிட்ட எந்த மலரிலும் இந்தச் செய்தி இல்லை. வேண்டுமென்று விட்டார்கள் என்று சொல்ல முடியாது. தலைவரின் படங்கள் பெரியவையாக இருந்தபடியால் இடம் போதவில்லை.

1984ஆம் ஆண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சனம், டொக்டரிடம் போனால் வாய் திறக்கத் தெரியாமல் நின்ற காலம். இம்மாகுலேற் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பார்க்கிங் என்னும் புறநகரில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையைத் திறந்து வைப்பார். பெண்கள் வருவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எப்போது பயப்பட வேண்டும், எப்போது பேசாமல் இருக்கலாம், சீனி வருத்தக்காரர் சோற்றை என்ன செய்வது, "குத்துது", "எரியுது", "உழையுது" என்பவற்றை ஆங்கிலத்தில் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கதைப்பார். பிள்ளைகள் நிலத்தில் உருண்டுகொண்டிருக்கும். தேநீரை ஆளுக்காள் ஊற்றிக் குடிப்பார்கள்.

1985இல் இது எப்படியோ உள்ளூராட்சிக் கவுன்சிலின் காதுக்கு எட்டியது. நல்ல காரியம், உதவிப்பணம் தரலாம், ஆனால் தலைவர், செயலாளர், சட்டதிட்டங்கள் எழுதிய யாப்பு என்று ஒரு முறையான அமைப்பு இருக்க வேண்டும் என்று கவுன்சில் சொன்னது. அந்த வாரமே அதுவரை பின்னறைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்கள் கோட்டும் சூட்டுமாக வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள்.

திரு. தில்லையம்பலம் தலைவரானார். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்தவர். எழுந்து நின்றால் பேசுவார், உட்கார்ந்தால் அடுத்து என்ன பேசலாம் என்று யோசிப்பார். திரு. குலசேகரம் செயலாளரானார். அவர் ஒரு கணக்காய்வாளர். யார் எதைக் கேட்டாலும் "தலைவர் ஊடாகக் கேளுங்கோ" என்று சொல்வது அவருடைய வழக்கம். மற்றப் பதவிகளும் கைதட்டல்களுக்கிடையே நிரம்பின. கடைசியில் இம்மாகுலேற் மட்டும் மிஞ்சியிருந்தார். அவரைச் சிற்றுண்டிக் குழு இணைப்பாளராக ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வகுப்பு?" என்று கேட்டார் இம்மாகுலேற்.

"யாப்பிலை வகுப்பு எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றார் தலைவர் கனிவாக. "கருத்தரங்கு எண்டுதான் இருக்கு. கருத்தரங்கு எண்டால் அதுக்கு ஒரு உபகுழு வேணும். உபகுழுவைப் பற்றி அடுத்த வருசம் கதைப்பம்."

அடுத்த வருசம் இம்மாகுலேற் கனடாவுக்குப் போய்விட்டார். பின்னறையையும் விட்டுவிட்டு, கழகம் இல்ஃபோர்ட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அலுவலகம் எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டியது. பலகையில் குத்துவிளக்கு வருவதா, தாமரை வருவதா என்று ஒன்றரை ஆண்டு விவாதம் நடந்தது. முடிவில் தாமரையின் மேல் குத்துவிளக்கு வந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தீப்பிடித்த முட்டைக்கோவா போலத் தெரிந்தது.

தவநாயகி அந்தப் படிகளில் முதன்முதலாக ஏறியது 1989இல். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பார்க்கிங்கில் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கணவர் பரமேஸ்வரன் பெற்றோல் நிலையமொன்றில் வேலைக்கு நின்றார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். அவளுடைய டொக்டர் நோயாளிகளைப் பார்க்கும் சேர்ஜரியிலிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது, 'ஸ்மியர் டெஸ்ட்' செய்ய வரச்சொல்லி.

வீட்டில் இருந்த அகராதியைப் பரமேஸ்வரன் எடுத்துப் பார்த்தார். ஸ்மியர் என்றால் பூசுதல், கறைப்படுத்துதல், அவதூறு செய்தல் என்று போட்டிருந்தது.

"உம்மிலை ஏன் அவதூறு செய்யப் போகினம்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? பூசுறதெண்டா என்னத்தைப் பூசுவினம்?"

"கழகத்திலை போய்க் கேட்டுப் பாருமன். அதுக்குத்தானே வைச்சிருக்கினம்."

அலுவலகத்தில் தலைவரும் செயலாளரும் ஆண்டுவிழா மாலைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தவநாயகி கதவருகில் நின்று விஷயத்தைச் சொன்னாள். 'ஸ்மியர்' என்ற சொல் அறைக்குள் வந்ததும் செயலாளர் மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து நேராக அடுக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"தங்கச்சி, உது மகளிர் பிரிவின்ரை விசயம்," என்றார் அவர்.

"மகளிர் பிரிவிலை ஆரண்ணை இருக்கினம்?"

"நான்தான்," என்றார் தலைவர். "தகுதியான ஒரு பெண்மணி கிடைக்கும் வரைக்கும் அந்தப் பொறுப்பையும் நானே சுமக்கிறன்."

தவநாயகி, இவ்வளவு பெரிய மனிதரிடம் மேற்கொண்டு எப்படிக் கேட்பது என்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அது என்ன சோதினை ஐயா? போறதோ விடுறதோ?"

தலைவர் எழுந்து நின்றார். கேட்பதற்கு இரண்டு பேர்தான் இருந்தார்கள். இருந்தாலும் எழுந்து நின்றார்.

"சகோதரி, எங்கட சனம் விளங்காத பாசையிலை விளங்காத சோதினையளுக்குப் போய் ஏமாறக்கூடாது. எதையும் தாய்மொழியிலை அறிஞ்சு, தெளிஞ்சு, அதுக்குப் பிறகுதான் செய்யவேணும். அதுதான் கழகத்தின்ரை கொள்கை. இந்த விசயமா ஒரு கைநூல் வரப்போகுது. கவுன்சில் காசு ஒதுக்கியிட்டுது. அது வரும் வரைக்கும் அவசரப்படாதையுங்கோ."

"எப்ப வரும் ஐயா?"

"கெதியிலை."

படித்தவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று தவநாயகி நினைத்தாள். சேர்ஜரியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தபோது, கைநூல் வரட்டும் என்று இருந்துவிட்டாள். உண்மையில் அவளுக்குப் பயமும் இருந்தது. தலைவரின் பேச்சு அந்தப் பயத்துக்கு ஒரு மரியாதையான பெயரைக் கொடுத்துவிட்டது.

கைநூல் வேலை மெய்யாகவே நடந்துகொண்டிருந்தது. அதற்காக அருஞ்சொற் குழு என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருவர், செயலாளர், தலைவர். உடம்பின் அந்தப் பகுதிக்குத் தமிழில் என்ன பெயர் என்பது முதல் கேள்வி. ஓர் ஆசிரியர் கழுத்து என்றார். மற்றவர் வாய் என்றார். ஒரே உறுப்பு எப்படிக் கழுத்தாகவும் வாயாகவும் இருக்க முடியும் என்று இரண்டு பேரும் ஒரு குளிர்காலம் முழுவதும் சண்டை பிடித்தார்கள். ஒருவர் நிகண்டைக் கொண்டுவந்தார். மற்றவர் அதைவிடப் பழைய நிகண்டைக் கொண்டுவந்தார். எந்தக் கட்டத்திலும் ஒரு பெண்ணையோ டொக்டரையோ கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்கு யாப்பில் இடமில்லை.

கழுத்துக்காரர் கோபித்துக்கொண்டு வெளியேறி, கழகத்துக்குப் போட்டியாக ஹவுன்ஸ்லோவில் இன்னொரு ஆரோக்கியக் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அதற்கும் கவுன்சில் உதவிப்பணம் கிடைத்தது. இதன்பிறகு தலைவர் தாமே முடிவுக்கு வந்தார்.

"வாயும் வேண்டாம், கழுத்தும் வேண்டாம்," என்றார் குழுவில். "இந்தப் புத்தகம் வீடுகளுக்குப் போகும். சாமியறைப் பக்கத்திலை கிடக்கும். பிள்ளையள் எடுத்து வாசிக்குங்கள். நாங்கள் சுகாதாரத்தைப் பரப்ப வந்தனாங்களே தவிர வெக்கக்கேட்டைப் பரப்ப வரேல்லை. பண்பாட்டுக்கு இழுக்கில்லாத ஒரு சொல் வேணும்."

"அவ்விடம்," என்றார் செயலாளர்.

குழு மறுபடியும் நிகண்டைப் புரட்டியது. அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

கைநூல் 1992இல் வெளிவந்தது. பெயர் 'பெண்மையும் மேன்மையும்'. அட்டையில் தாமரை. உள்ளே முதலில் ஒரு கோயில் குருக்களின் ஆசியுரை, பிறகு தலைவரின் வாழ்த்துரை, மகளிர் பிரிவுப் பொறுப்பாளரின் வாழ்த்துரை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே ஆனாலும் படங்கள் வேறுவேறு. அதன்பின் கழகம் வளர்ந்த கதை, கவுன்சிலர் ஒருவருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்தும் காட்சி, அதே காட்சி இன்னொரு பக்கத்திலிருந்து. நகைக்கடை விளம்பரங்கள். கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் சுகாதாரம்:

'தாய்க்குலமே! அவ்விடத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். உரிய காலத்தில் அவ்விடத்தைக் கவனிப்பது உங்கள் கடமை. மேலதிக விவரங்களுக்கு உங்கள் வைத்தியரை அணுகவும்.'

தவநாயகி அதை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தாள். வீட்டுக்கு வந்து இன்னொரு முறை வாசித்தாள். ஒன்றும் பிடிபடாமல் பரமேஸ்வரனிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முகம் இளகியது.

"சரியாத்தான் சொல்லியிருக்கினம்," என்றார். "இவ்விடம் நாங்கள் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் எண்டு கடிதத்திலை எழுதுவமெல்லே. அவ்விடம் எண்டால் ஊர்தான். ஊரிலை இருக்கிற சனத்தை மறக்காதையுங்கோ எண்டு சொல்லினம்."

"உதுக்கு ஏன் டொக்டரிட்டைப் போகச் சொல்லினம்?"

பரமேஸ்வரன் யோசித்தார். "டொக்டர்மாரிட்டைக் காசு இருக்குமெல்லே. அவையிட்டையும் கேட்டு அனுப்பச் சொல்லினம் போலை."

அந்த மாதம் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த தன் தமக்கைக்கு வழமையிலும் கூடக் காசு அனுப்பினார். கைநூலால் பயனடைந்தவர் என்று திட்டவட்டமாகச் சொல்லக்கூடியவர் அந்தத் தமக்கை ஒருவர்தான்.

வெளியீட்டு விழாவில் தவநாயகி தலைவரைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டாள். "ஐயா, எந்த இடம் எண்டு எனக்கு விளங்கேல்லை."

"விளங்க வேண்டியவைக்கு விளங்கும்," என்று புன்னகைத்தபடி தலைவர் படம் எடுக்கப் போனார். தனக்கு விளங்க வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் வீட்டுக்கு வந்தாள்.

1995இன் தொடக்கத்தில் தவநாயகிக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் பட்டது. முதலில் வயது என்று நினைத்தாள். பிறகு வேலையில் பாரம் தூக்கியது என்று நினைத்தாள். தொழிற்சாலையில் குளிர் அறைக்குள் நிற்கும்போது திடீரென்று கால்களுக்கிடையே சூடு பரவும். கழிப்பறைக்கு ஓடுவாள். மேற்பார்வையாளன் ஏதோ சொல்வான். இரவில் கட்டிலில் பழைய துவாயை விரித்துப் படுத்தாள். பரமேஸ்வரன் கேட்டபோது சுகமில்லை என்று மட்டும் சொன்னாள். அவளுடைய டொக்டர் வயதான வெள்ளைக்காரர். அவரிடம் எந்த மொழியில் எதைச் சொல்வது? சொல்வதற்குத் தமிழிலேயே அவளிடம் சொல் இருக்கவில்லை.

அப்போதுதான் கழகத்தின் பத்தாவது ஆண்டுவிழா அழைப்பிதழ் வந்தது. நிகழ்ச்சிநிரலின் அடியில் 'மகளிர் நல விளக்கவுரை: டொக்டர் கோதை சேஷாத்ரி' என்று இருந்தது. பெண் டொக்டர். தமிழில் பேசுவார். தவநாயகி அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு நாட்களைக் கடத்தினாள்.

விழா இல்ஃபோர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கில் ஐந்து முகங்கள்தான் இருந்தன. ஏற்ற அழைக்கப்பட்ட பிரமுகர்கள் அதைவிட அதிகம். ஆகவே ஏற்றிய திரியை அணைத்து அணைத்து மறுபடி ஏற்றினார்கள். ஒரு பிரமுகரின் பொன்னாடையில் நெருப்புப் பிடித்து, செயலாளர் அதைக் கையால் அடித்து அணைத்தார். அதற்காக அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. பிறகு உரைகள் தொடங்கின. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, சிறப்புரையைச் சிறப்பித்து ஒரு உரை.

தலைவர் தலைமையுரையில் சொன்னார்: "பத்து வருசத்துக்கு முன்னம் எங்கட சனத்துக்குச் சுகாதாரம் எண்டால் என்னெண்டு தெரியாது. இண்டைக்குச் சுகாதாரத்துக்கெண்டு ஒரு கழகம் இருக்கு எண்டு தெரியும். இது சின்ன விசயமில்லை! சிலபேர் கேக்கினம், கழகம் எத்தினை நோயாளியளைக் கண்டது எண்டு. நான் பெருமையோடை சொல்லுறன், ஒருத்தரையும் காணேல்லை! ஏனெண்டால் நாங்கள் நோயோடை அல்ல, ஆரோக்கியத்தோடைதான் நிக்கிறனாங்கள்."

மண்டபம் கைதட்டியது. தவநாயகியும் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியதால் தட்டினாள். அவள் கறுப்புச் சேலை உடுத்து வந்திருந்தாள். விழாவுக்குக் கறுப்பா என்று ஒருத்தி கேட்டாள். காரணத்தை அவளிடம் சொல்ல முடியவில்லை.

டொக்டர் கோதை தமிழ்நாட்டுக்காரர். மேடையின் ஓரத்தில் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். பொழுது மங்கி, சாப்பாட்டு வாசனை மண்டபத்துக்குள் வந்த நேரத்தில் செயலாளர் அவரை அழைத்தார். "நேரமின்மை காரணமாக டொக்டர் அம்மா ரெண்டு நிமிசத்திலை முடிப்பா."

"ரெண்டு நிமிஷம் போதும்," என்றார் கோதை. "வணக்கத்துக்கெல்லாம் டைம் இல்ல, நேரா விஷயத்துக்கு வரேன். இங்க இருக்கற பெண்கள்ல எத்தனை பேர் ஸ்மியர் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கீங்க? கருப்பை வாய்ல வர்ற புற்றுநோய..."

மைக் செத்தது. செயலாளரின் கை வயரில் இருந்தது.

"மன்னிக்கோணும்," என்றார் அவர், தன்னுடைய மைக்கில். "சபையிலை பிள்ளையள் இருக்கினம். டொக்டர் அம்மாவின்ரை ஆழமான உரைக்கு நன்றி. அடுத்து நடனம்."

கோதை உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. தலைவர் மாலையை எடுத்து மறுபடியும் அவர் கழுத்தில் போட்டார்.

தவநாயகி எழுந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தபோதுதான் தான் நிற்பது தெரிந்தது.

"டொக்டர் அம்மா!" என்றாள். மைக் இல்லாமலே குரல் மேடைக்குப் போனது. "எனக்கு மூண்டு மாதமா ரத்தம் போகுது. முறையில்லாமல் போகுது. இப்பவும் போகுது. உது என்ன வருத்தம்?"

மண்டபத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "கேள்விகளை எழுத்துமூலம் செயலாளரிடம்..." என்றார். செயலாளர் பாட்டுப் பெட்டிக்காரனுக்குக் கை காட்டினார். மிருதங்கம் பெரிதாக முழங்கியது. மேடையில் ஏற வேண்டிய சிறுமிகள் சலங்கையோடு ஓரத்தில் திகைத்து நின்றார்கள்.

கோதை மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தவநாயகியின் கையைப் பிடித்தார். "வாங்கம்மா. இங்க வேணாம், சமையல்கட்டுப் பக்கம் போவோம்."

இரண்டு பேரும் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருத்தி எழுந்து போனாள். பிறகு அவளுடைய மச்சாள். பிறகு வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகின. வடைத் தட்டுகளையும் தேநீர்ப் பாத்திரங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பெண்கள் அந்தச் சமையலறையில் நெருக்கியடித்து நின்றார்கள். கோதை முதலில் தவநாயகியைத் தனியாக மூலைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்றார். பிறகு திரும்பி, தேநீர் குடிக்கும் பேணியொன்றைக் கவிழ்த்துப் பிடித்து, கருப்பை எது, அதன் வாய் எது, சோதனையில் எங்கிருந்து எதை எடுப்பார்கள் என்று காட்டினார். மேடையில் செயலாளர் வந்திருந்த தாய்மாருக்கெல்லாம் நன்றி கூறிக்கொண்டிருந்தார். அந்த வேளையில் மண்டபத்தில் தாய்மார் எவரும் இருக்கவில்லை.

தவநாயகிக்கு இருந்தது புற்றுநோய்தான். கருப்பையை எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதல் அழைப்பிலேயே வந்திருந்தால் சிறிய சிகிச்சையொன்றை ஒரு பிற்பகலில் செய்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். கோதை அதைத் தமிழில் எடுத்துச் சொன்னபோது தவநாயகி அழவில்லை. ஏன் வரவில்லை என்று கோதை கேட்டார். "புத்தகம் வரட்டும் எண்டு இருந்தனான்," என்றாள்.

கழகம் கூடி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. இனிமேல் சபையிலிருந்து கேள்வி கேட்பவர்கள் ஒரு மாதம் முன்னதாக அனுமதி பெற வேண்டும் என்பது ஒன்று. நோயுற்ற சகோதரியைத் தலைவரும் செயலாளரும் நேரில் சென்று பார்ப்பது மற்றது.

கோடையில் ஒரு சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஒரு படப்பிடிப்பாளரும் கூட வந்தார். தவநாயகி தலையணை முட்டுக் கொடுத்துச் சோபாவில் சாய்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். பரமேஸ்வரன் அவர்களின் கோட்டுகளை வாங்கி வைத்தார். தலைவர் பழக்கூடையை அவள் மடியில் வைத்து, படம் எடுத்து முடியும்வரை கூடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தங்கச்சி," என்றார் செயலாளர், "கழகத்துக்குப் புதுசா ஒரு உதவிப்பணம் வரக்கூடும். பயனடைஞ்ச ஆக்களின்ரை கதை கேக்கினம். கழகத்தின்ரை விழாவிலைதானே உங்களுக்கு வருத்தம் பிடிபட்டது. உங்கட கதையைப் போடலாம் எண்டு தலைவர் விரும்புறார்."

"கழகம் காப்பாத்தின உயிர்," என்றார் தலைவர். "வயித்து வருத்தம் எண்டு போடுவம். அது போதும்."

தவநாயகி கூடையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"போடுங்கோ ஐயா. படத்தையும் போடுங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனா எனக்கு வந்த வருத்தத்தின்ரை பேரைப் போடவேணும். அதுக்கு முதல் என்ரை முன்னாலை ஒருக்கா வாயாலை சொல்லுங்கோ."

"என்ன பேர்?"

"உங்களுக்குத் தெரியும். ஆறு வருசமா அதுக்குத்தானே காத்திருந்தனான், புத்தகத்திலையும் தேடினனான்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் படப்பிடிப்பாளரைப் பார்த்தார். படப்பிடிப்பாளர் கமெராவுக்கு உறை போட்டார். தலைவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஒரு கையை நெஞ்சில் வைத்தார்.

"கரு..." என்றார்.

தவநாயகி காத்திருந்தாள்.

"கரு... கருத்து வேறுபாடுகள் எங்களுக்குள்ளை இருக்கலாம், சகோதரி! ஆனால் சேவை எண்டு வரேக்கை, தாய்க்குலத்தின்ரை மேன்மை எண்டு வரேக்கை, இந்தக் கழகம் ஒருபோதும்..."

குரலுக்குச் சூடு ஏறிவிட்டது. கழகத்தின் தோற்றம், வளர்ச்சி, எதிர்காலம் எல்லாவற்றையும் அந்தச் சிறிய அறையில் நின்று சொல்லத் தொடங்கினார். தவநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

பரமேஸ்வரன் உள்ளே போய்க் கோட்டுகளை எடுத்து வந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். தலைவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் முன்னால் வந்து நின்றார்.

"கருப்பை வாய்ப் புற்றுநோய்," என்றார், ஒவ்வொரு சொல்லாக. பிறகு தலைவரின் கோட்டை விரித்துப் பிடித்தார். "கையைப் போடுங்கோ ஐயா."